பிரித்தெடுத்த ரைபிள் தோட்டா மருந்து: எதைத் திரும்பப் பயன்படுத்தலாம், எதை ஒழித்துவிட வேண்டும் (முழுமையான வழிகாட்டி)

தொழிற்சாலையில் செய்த ரைபிள் தோட்டாக்களைப் பிரித்து எடுத்த வெடிமருந்து ஒரு டப்பா நிறைய இருக்கிறது, அது என்ன மருந்து என்று தெரியவில்லை, கொட்டிவிட மனசு வரவில்லை, இதைப் பாதுகாப்பாகத் திரும்பப் பயன்படுத்த வழி உண்டா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கிருந்து வந்தது என்றே தெரியாத மருந்தை அளந்து இன்னொரு தோட்டாவில் போடுவதற்குப் பாதுகாப்பான வழி எதுவும் கிடையாது. குறைவாகப் போட்டு ஆரம்பித்தாலும் சரி, எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சரி, கிடையாது.

ஆனால் "தெரியாத மருந்து" என்று சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, மருந்தின் பெயர் தெரியாது, ஆனால் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, என்ன லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி), என்ன குண்டு, ஒரு தோட்டாவில் எத்தனை கிரெயின் (மருந்தை எடை போடும் அலகு) இருந்தது என்பதெல்லாம் தெரியும். இன்னொன்று, எதுவுமே தெரியாது. முதல் வகைக்கு மிகக் குறுகலான ஒரு வழி உண்டு, இரண்டாவது வகைக்கு ஒழிப்பது மட்டும்தான். இந்த வழிகாட்டி இரண்டையும் சொல்கிறது. தோட்டா ரீலோடிங் செய்ய, அதாவது கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் போட்டுத் தோட்டா தயாரிக்க, உங்கள் நாட்டுச் சட்டப்படி அனுமதி உள்ளவர்களுக்காக மட்டுமே எழுதுகிறேன். அனுமதி இல்லையென்றால் தோட்டாவைப் பிரிக்கவே வேண்டாம், முழுசாக அப்படியே உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ காவல் நிலையத்திலோ கேட்டு ஒப்படைத்துவிடுங்கள்.

கண்ணால் பார்த்து ஏன் கண்டுபிடிக்க முடியாது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல விபத்துகளும் "பார்த்தாலே தெரியுதே, இது அந்த மருந்துதான்" என்ற இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தில் பொதுவாக மூன்று வடிவம் பார்க்கலாம்: சிறு குச்சி, உருண்டை, தகடு. குச்சி மருந்தைக் கையில் வைத்துப் பார்த்தால் பென்சில் முனையை நறுக்கிப் போட்ட மாதிரி இருக்கும், பல குச்சிகளில் நடுவில் நுண்ணிய துளை ஓடும். உருண்டை மருந்து வழுவழுவென்று கொட்டும், பல சமயம் உருளையால் நசுக்கித் தட்டையாக்கியிருப்பார்கள். பெரும்பாலானவற்றுக்கு மேலே கிராஃபைட் பூச்சு, அதனால் பெரும்பாலும் கருஞ்சாம்பல் நிறம்தான். மருந்து எவ்வளவு வேகமாக எரியும் என்பதைத் தீர்மானிப்பது வடிவமும் அளவும் மட்டும் இல்லை. பல மருந்துகளில் துணுக்கின் மேல்தோலில் எரிதலைத் தாமதப்படுத்தும் ரசாயனம் ஊறியிருக்கும், அது எவ்வளவு ஆழம் ஊறியிருக்கிறது என்பது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. நைட்ரோகிளிசரின் கலந்திருக்கிறதா, புகையில்லா மருந்தின் அடிப்படைப் பொருளான நைட்ரோசெல்லுலோஸ் மட்டும்தானா என்பதும் தெரியாது.

ஒரு உதாரணம் போதும். ஹாட்ஜ்டன் நிறுவனம் விற்கும் எச்335, எச்110 இரண்டுமே சின்ன உருண்டை வகை. முதலாவது .223 போன்ற ரைபிள் தோட்டாவுக்கு உரியது. இரண்டாவது .44 மேக்னம் போன்ற பெரிய கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு உரிய, அதைவிட மிக வேகமாக எரியும் மருந்து. .223 கூட்டில் (மருந்தும் குண்டும் பொருந்தும் உலோக உறை) எச்335 சுமார் 25 கிரெயின் போடுவார்கள், அதாவது ஒன்றரை கிராம் சொச்சம். அதே எடையில் எச்110 போனால் துப்பாக்கி சிதறும், அதைப் பிடித்திருப்பவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கடையில் டப்பாவில் கிடைக்கும் மருந்தும் தொழிற்சாலை தோட்டாவில் போடும் மருந்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. டப்பா மருந்தை ஒவ்வொரு லாட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்படி கலந்து சரிசெய்துதான் விற்கிறார்கள், ரீலோடிங் கையேட்டில் உள்ள அளவுகள் எல்லாம் அந்த நம்பிக்கையில் எழுதியவை. தோட்டாத் தொழிற்சாலை மருந்தை மொத்தமாக வாங்குகிறது, ஒவ்வொரு லாட்டையும் அழுத்தம் அளக்கும் சோதனைக் குழலில் சுட்டுப் பார்த்து, அந்த லாட்டுக்கு எத்தனை கிரெயின் என்று தனியாக முடிவு செய்கிறது. ஒரே பெயர் அச்சடித்த பெட்டிதான், ஆனால் இரண்டு லாட்டுக்கு நடுவில் அளவு மாறலாம், மருந்தே கூட மாறலாம். 5.56 ராணுவத் தோட்டாவில் பயன்பட்ட டபிள்யூசி844 என்ற மருந்தும் கடை எச்335-உம் ஒரே குடும்பம்தான், என்றாலும் ராணுவ லாட்டை டப்பா மருந்தின் அளவுப்படி கண்ணை மூடிக்கொண்டு போடுவது தவறு.

திறந்த வெளியில் ஒரு சிட்டிகை கொளுத்திப் பார்த்து வேகத்தைக் கணிக்கலாம் என்பார்கள். அதுவும் வேலைக்கு ஆகாது. புகையில்லா மருந்தை 1884-இல் உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் பால் வியேல்தான், அழுத்தம் கூடக்கூட மருந்து எரியும் வேகமும் கூடும் என்பதைச் சூத்திரமாக எழுதி வைத்தவர். தட்டில் கொளுத்தும்போது இருப்பது காற்றழுத்தம், அதாவது சுமார் 14.7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு). .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் உச்சவரம்பு 62,000 பி.எஸ்.ஐ. தட்டில் எரியும் விதத்துக்கும் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரில் எரியும் விதத்துக்கும் சம்பந்தம் காட்ட முடியாது.

"குறைவாகப் போட்டு ஆரம்பிக்கலாமே?"

கையேட்டில் உள்ள ஆரம்ப அளவு, அது என்ன மருந்து என்று தெரிந்திருந்தால்தான் அர்த்தமுள்ளது. தெரியாத மருந்தில் எதிலிருந்து பத்து சதவீதம் குறைப்பீர்கள்? அது கைத்துப்பாக்கி மருந்தாக இருந்தால், ரைபிள் அளவில் பாதி போட்டாலும் அதிகம்தான். மெதுவான மருந்தாக இருந்தால், ரொம்பக் குறைவாகப் போடுவதே ஆபத்து. சரியாகப் பற்றாமல் குண்டு குழலின் நடுவில் சிக்கி நிற்கும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். பெரிய கூட்டில் மெதுவான மருந்தைக் கொஞ்சமாகப் போட்டுச் சுட்டபோது, காரணம் இன்றுவரை முழுசாக விளங்காத திடீர் அழுத்த ஏற்றம் வந்து துப்பாக்கி உடைந்த நிகழ்வுகளும் உண்டு. ஆக, மேலே போனாலும் ஆபத்து, கீழே போனாலும் ஆபத்து, நடுவில் எந்த இடம் பாதுகாப்பு என்று சொல்ல உங்களிடம் எந்தத் தகவலும் இல்லை.

கூட்டின் அடியில், மருந்தைப் பற்ற வைக்கும் சிறு மூடியான பிரைமர் தட்டையாவதைப் பார்த்து அழுத்தத்தைக் கணிப்பவர்களும் உண்டு. அந்த அடையாளங்கள் பல சமயம் வரம்பைத் தாண்டிய பிறகுதான் தெரியும், சில சமயம் தெரியாமலே போகும்.

முதல் படி: பிரிப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

இங்கேதான் எல்லாமே தீர்மானமாகிறது. பெட்டியின் மடிப்பில் லாட் எண் அச்சாகியிருக்கும், அதை எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் அந்த மடிப்பையே வெட்டி வையுங்கள். தயாரிப்பாளர், தோட்டா வகை, குண்டின் எடை, குண்டின் வகை, எல்லாமும் வேண்டும். கூட்டின் அடியில் உள்ள முத்திரை தயாரிப்பாளரையும், ராணுவத் தோட்டாவாக இருந்தால் பெரும்பாலும் வருடத்தையும் சொல்லும். மருந்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பெட்டி இல்லாமல் பையில் கலந்து கிடக்கும் தோட்டாக்களா? அவை இந்தக் கணமே இரண்டாவது வகை. முத்திரை எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் அவை ஒரே லாட் என்று சொல்ல முடியாது, யாரோ வீட்டில் ரீலோடிங் செய்த தோட்டா ஒன்று நடுவில் இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு.

குண்டின் முனையில் வண்ணம் பூசியிருந்தால் நிறுத்துங்கள். அமெரிக்க ராணுவக் குறியீட்டில் கருப்பு என்றால் கவசத் துளைப்பு, சிவப்பு அல்லது ஆரஞ்சு என்றால் ஒளிரும் தடம் விடும் டிரேசர், நீலம் என்றால் தீமூட்டி. வேறு நாடுகளின் குறியீடு வேறு மாதிரி இருக்கும். வண்ணத்தின் பொருள் உறுதியாகத் தெரியாத எந்தத் தோட்டாவையும் பிரிக்காதீர்கள்.

இரண்டாவது படி: பிரிக்கும் இடம்

அறையில் நெருப்பு, சிகரெட், ஹீட்டர், பொறி பறக்கும் மோட்டார் எதுவும் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். மெல்லிய கையுறையும் போடுங்கள், ஏனென்றால் நைட்ரோகிளிசரின் கலந்த மருந்தைத் தொட்டால் அது தோல் வழியாக உள்ளே போய்த் தலைவலி தரும், ஈயத்தூளும் சேரும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு லாட் மட்டும் இருக்கட்டும். வேறு எந்த மருந்து டப்பாவும் திறந்திருக்கக் கூடாது, இதை நான் மிகக் கண்டிப்பாகச் சொல்வேன், ஏனென்றால் தப்பான டப்பாவில் கொட்டிவிடுவது ஒரு நொடி வேலை, அப்புறம் இரண்டு மருந்துமே குப்பை.

சுத்தியல் மாதிரித் தட்டிக் குண்டைக் கழற்றும் கருவியும் உண்டு, ரீலோடிங் பிரெஸ்ஸில் மாட்டிக் குண்டைக் கவ்வி இழுக்கும் காலெட் வகையும் உண்டு. எதுவானாலும் விளிம்பிலேயே பற்றும் மருந்து உள்ள .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவைச் சுத்தியல் கருவியில் வைக்கவே கூடாது, தட்டினால் வெடிக்கும்.

கீழே சிந்தினால் தூரிகையால் கூட்டி எடுங்கள். வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் மோட்டார் பொறி போதும் மருந்து பற்ற. சிந்திக் கூட்டியது எதுவும் நல்ல மருந்தோடு சேரக்கூடாது.

மூன்றாவது படி: மருந்து கெட்டிருக்கிறதா

நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்லச் சிதையும் பொருள். சிதையும்போது வரும் அமில வாயு சிதைவை இன்னும் வேகப்படுத்தும், அதைப் பிடித்து வைக்கத்தான் டைஃபினைல் அமைன் போன்ற நிலைப்படுத்தியைச் சேர்க்கிறார்கள். அது தீர்ந்துபோனால் மருந்து சூடாகி, யாரும் தொடாமலே தீப்பிடிக்கலாம். பிரெஞ்சுப் போர்க்கப்பல் இயேனா 1907 மார்ச்சிலும் லிபெர்தே 1911 செப்டம்பரிலும் தூலோன் துறைமுகத்திலேயே வெடித்துச் சிதறியதற்குச் சொல்லப்படும் காரணம் இப்படிச் சிதைந்த மருந்துதான். நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

நல்ல மருந்தில் லேசான ஸ்பிரிட் அல்லது ஈதர் வாசனை வரும். மூக்கைக் குத்தும் புளித்த அமில நெடி, செம்பழுப்பு நிறத்தில் துருத்தூள் மாதிரிப் பொடி, டப்பாவைத் திறந்ததும் பழுப்புப் புகை, கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்ட துணுக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது கெட்டது. குண்டின் அடிப்பாகத்தையும் கூட்டின் உட்புறத்தையும் பாருங்கள், பச்சை படிந்திருந்தால் உள்ளே அமிலம் வேலை செய்திருக்கிறது. டப்பாவின் வெளியே முகர்ந்தாலே தெரியும், மூக்கை உள்ளே விட வேண்டாம். நெடி இல்லை என்பதற்காக மருந்து நல்லது என்றும் உறுதியாகிவிடாது, ஆரம்பக் கட்டச் சிதைவு வெளியே தெரியாமலும் இருக்கும்.

கெட்ட மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வெளியே எடுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றி மூழ்க வையுங்கள், மூடியை இறுக்காதீர்கள், அப்புறம் கடைசிப் படிக்குப் போங்கள்.

நான்காவது படி: அனுமதிக்கக்கூடிய ஒரே மறுபயன்பாடு

எந்த மருந்து எந்தக் கூட்டிலிருந்து வந்ததோ அதே வகைக் கூட்டுக்கு, அதே அளவில், அதே எடைக் குண்டோடு திரும்பப் போவது. அவ்வளவுதான். இதற்கு வெளியே எதுவும் இல்லை.

நடைமுறையில் இது இரண்டு சந்தர்ப்பத்தில் வரும். குண்டின் துல்லியம் போதவில்லை என்று, மருந்தைத் தொடாமல் குண்டை மட்டும் கழற்றி, அதே எடையுள்ள நல்ல குண்டைப் பொருத்துவது ஒன்று. அமெரிக்காவில் போட்டித் துப்பாக்கி சுடுபவர்கள் ராணுவத் தோட்டாவில் இதை வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள். கூட்டின் கழுத்து விரிசல் விட்டு, மற்றதெல்லாம் சரியாக இருப்பது இன்னொன்று.

முதல் சந்தர்ப்பத்தில் எடை மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது. ஈய உட்கருவும் செம்பு உறையும் உள்ள குண்டை எடுத்துவிட்டு, முழுக்கச் செம்பாலான அதே எடைக் குண்டைப் போட்டால், அது நீளமாக இருப்பதால் கூட்டுக்குள் அதிகம் இறங்கி மருந்தின் இடத்தைக் குறைக்கும், குழலிலும் அதிகம் உராயும், அழுத்தம் ஏறும். அதனால் ஒரே வகைக் கட்டுமானம், ஒரே மாதிரி நீளம், குண்டின் அடிப்பாகம் கூட்டுக்குள் அதே ஆழம். இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சந்தர்ப்பத்தில் ஒரு தோட்டாவின் மருந்தை அப்படியே, ஒன்றுக்கு ஒன்றாக, அதே லாட்டின் நல்ல கூட்டுக்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கொட்டி, சராசரி பார்த்துப் பிரித்துப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன், ஒரு தப்பான தோட்டா உள்ளே வந்திருந்தால் அது மொத்தக் கிண்ணத்தையும் கெடுத்துவிடும். மாற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். தராசைச் சோதனை எடைக்கல்லால் முதலில் சரிபாருங்கள். ஒரே லாட்டில் எடைகள் மிக அருகருகே வரவேண்டும். ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றாலோ, அதில் துணுக்கின் வடிவம் வேறாகத் தெரிந்தாலோ, அந்தப் பெட்டி முழுவதையும் சந்தேகத்துக்கு உரியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறு அளவுத் தோட்டாவுக்கு இந்த மருந்தைக் கணக்குப் போட்டு மாற்றுவது, .308-இல் இருந்ததை .223-க்கு விகிதம் பார்த்துப் போடுவது, இதெல்லாம் கணக்கு அல்ல, ஊகம். முன்பக்கமிருந்து மருந்து நிரப்பும் பழைய பாணித் துப்பாக்கியில் இதைப் போடுவது அதைவிட மோசம். அவை புகை விடும் பழைய வகைக் கருமருந்துக்காகச் செய்தவை, அந்தக் குழல் புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்காது. கரு நிறமாக இருப்பதைப் பார்த்துக் கருமருந்து என்று நினைத்துக் கைவிரல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாவது படி: ஒழிக்கும் வரை எப்படி வைப்பது

ஜாம் பாட்டிலும் வேண்டாம், இறுக மூடும் இரும்புப் பெட்டியும் வேண்டாம். புகையில்லா மருந்து திறந்த வெளியில் வேகமாக எரியும், அவ்வளவுதான். கெட்டியான பாத்திரத்துக்குள் அடைத்துத் தீப்பட்டால் அதுவே வெடிகுண்டு. மருந்து விற்கும் டப்பாக்களைக் குறைந்த அழுத்தத்திலேயே வாய் பிளந்துகொள்ளும்படிதான் செய்கிறார்கள். அதற்காக வேறு மருந்தின் காலி டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், பழைய பெயர் அதன் மேலேயே இருக்கும், ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்தப் பெயரை நம்பிவிடுவார். மெல்லிய பிளாஸ்டிக் டப்பா, மேலே பெரிய எழுத்தில் "தெரியாத மருந்து, சுடக்கூடாது" என்று எழுதி ஒட்டி, வெயிலும் சூடும் படாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், சில நாட்களுக்கு மட்டும்.

ஆறாவது படி: ஒழிப்பது

முதலில் கேட்க வேண்டியது உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை, துப்பாக்கி சுடும் கிளப், உள்ளூர்க் காவல்துறை அல்லது தீயணைப்புத் துறை. போன் செய்து கேளுங்கள், டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் நிற்காதீர்கள்.

சட்டம் அனுமதிக்கும் இடங்களில், சிறிய அளவை வெட்டவெளியில் எரிப்பதற்கு உற்பத்தியாளர்களே சொல்லும் முறை உண்டு: கட்டிடமும் காய்ந்த புல்லும் இல்லாத தனித்த இடம், ஓர் அங்குல உயரத்துக்கு மேல் போகாத ஆழமற்ற பரப்பு, ஒரு தடவைக்கு ஒரு பவுண்டுக்கு மேல் கூடாது, மெதுவாக எரியும் ஒரு திரியை வைத்து நீங்கள் தூரம் போன பிறகே மருந்து பற்றும்படி. ஒரு பவுண்டு என்பது உச்சவரம்பு. என்னைக் கேட்டால் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், அதுவே ஆளுயரத்துக்குச் சுவாலை விடும். எரிந்த இடம் முழுசாக ஆறும் வரை அடுத்ததைக் கொட்டாதீர்கள், கங்கு மீது கொட்டும்போதுதான் கை வேகும்.

சாக்கடையிலோ கழிவறையிலோ கொட்ட வேண்டாம். மருந்து தண்ணீரில் கரையாது, குழாயில் எங்கோ தங்கிக் காய்ந்தால் மறுபடி எரியும். குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள், குப்பை லாரிக்காரர்கள் அதை அழுத்தும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நைட்ரஜன் இருக்கிறதே என்று தோட்டத்தில் உரமாகத் தூவும் பழக்கம் ரொம்பப் பேரிடம் உண்டு. அந்த நைட்ரஜன் செடிக்கு எளிதில் கிடைக்கும் வடிவத்தில் இல்லை, நிலைப்படுத்தியும் தாமதப்படுத்தும் பூச்சும் நச்சு, மண்ணை நக்கும் நாய்க்கும் கொத்தித் தின்னும் கோழிக்கும் நல்லதல்ல. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக மிஞ்சுவது பிரைமர் உள்ள காலிக் கூடுகள். எண்ணெயிலோ தண்ணீரிலோ ஊற வைத்தால் பிரைமர் செத்துவிடும் என்று நம்பாதீர்கள், காய்ந்தபின் வெடிக்கும் பிரைமர்கள் உண்டு. கூடு நன்றாக இருந்தால், உள்ளே ஒரு துணுக்கு மருந்தும் இல்லை என்று வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து, அதற்குரிய ரைபிளிலேயே போட்டு, கண்ணாடியும் காதுக்கவசமும் அணிந்து, சுடுவதற்கு அனுமதியுள்ள இடத்தில் பாதுகாப்பான திசையில் சுட்டுத் தீர்த்துவிடலாம். பழைய ராணுவப் பிரைமரில் துருப்பிடிக்க வைக்கும் உப்பு இருக்கலாம், எண்ணெய் மட்டும் அதைப் போக்காது. முதலில் வெந்நீர் விட்டுக் குழலைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதன் பிறகு எண்ணெய் போடுங்கள், அன்றைக்கே.